ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடு

அன்புள்ள பாப்பா,

நீ ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் காலை ஏழரைக்குத்தான் கூப்பிடுவாய். அந்த நேரத்தில் அப்பா நன்றாகத்தான் இருப்பேன். அதனால்தான் இத்தனை நாள் உன்னிடம் மறைக்க முடிந்தது. முழுசும் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

பங்குனியில் ஆரம்பித்தது. சாயங்காலம் பட்டறையில் கொலுசுக்குக் கண்ணி பற்றவைக்க உட்கார்ந்தால் ஒரு கண்ணி இரண்டாகத் தெரியும். இல்லாத கண்ணிக்கு நெருப்பைக் காட்டி, பக்கத்தில் இருந்த நல்ல வெள்ளியை உருக்கிவிட்டேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டால் சரியாகிவிடும். பவர் ஏறிவிட்டது என்று கண்ணாடியை மாற்றினேன், தண்டச் செலவு. ஒருவர் சர்க்கரை என்றார், இன்னொருவர் கவலை என்றார். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. எல்லாரிடமும் காலை டோக்கன் போட்டல்லவா போனேன்!

உங்கம்மாதான் பிடித்தாள். ஒருநாள் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து தட்டுவடை செட் வாங்கி வந்தாள். இரண்டாவதை மெல்லும்போதே தாடை ஓய்ந்துபோய், மோவாயைக் கையால் தாங்கிக்கொண்டு மென்றேன். பார்த்துக்கொண்டே இருந்தவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நரம்பு டாக்டரிடம் சாயங்கால டோக்கன் போட்டுவிட்டாள்.

அவர் விரலை உயரத் தூக்கிப் பிடித்து, அதையே பார்க்கச் சொன்னார். ஒரு நிமிஷத்தில் என் இடது இமை கடை ஷட்டர் மாதிரி இறங்கியது. கையுறைக்குள் ஐஸ் கட்டியைப் போட்டு மூடிய கண்மேல் இரண்டு நிமிஷம் வைத்தார். எடுத்ததும் இமை தூக்கிக்கொண்டது. உங்கம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மயஸ்தீனியா கிராவிஸாக இருக்கலாம் என்கிறார். அமிதாப் பச்சனுக்கு வந்ததே, அதுதான். நரம்பு சொல்வதைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கெடுத்துவிடுகிறதாம். பற்று விட்ட கண்ணி என்று நான் புரிந்துகொண்டேன்.

நரம்பில் கரண்ட் வைத்துப் பார்த்ததில் தசையில் லேசாகத் தளர்ச்சி தெரிந்தது. ஆனால் தசையின் அந்த இடத்தைக் கெடுக்கும் எதிர்ப்புப் பொருளை, அசிடைல்கோலின் ரிசப்டர் ஆன்டிபாடி என்பதை, ரத்தத்தில் தேடினால் நெகட்டிவ். எனக்குச் சந்தோஷம், டாக்டருக்கு இல்லை. கண்ணோடு நிற்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், உடம்பில் பரவியவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கும் நோய் இருந்தும் நெகட்டிவாகவே வருமாம். மஸ்க் என்று இன்னொரு ஆன்டிபாடிக்கு ரத்தம் போயிருக்கிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வெள்ளிக்கிழமை நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன். அதுவரை, காய்ச்சல் என்று போனால்கூட இந்தச் சந்தேகத்தைச் சொல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்கக் கூடாது. சிலது தளர்ச்சியைக் கூட்டிவிடும். விழுங்கச் சிரமமோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே ஆஸ்பத்திரி. உங்கம்மா இதை காலண்டர் பின்னால் எழுதி ஒட்டிவிட்டாள்.

லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே, ரிசல்ட் வரட்டும். ஒன்று மட்டும் செய். இனிமேல் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடு. கொஞ்ச நேரம் பேசினால் என் குரல் மூக்கு வழியாகப் போக ஆரம்பிக்கும். எத்தனை நிமிஷத்தில் என்று டாக்டருக்குச் சொல்ல வேண்டும். தினம் கேட்டுக் கேட்டு உங்கம்மாவுக்கு வித்தியாசமே தெரியவில்லையாம்.

அப்பா