ஆளில்லாத ஊரில் இருப்பவர்கள்

பாம்பன்

அன்புள்ள நண்பா,

நலம், உங்கள் அனைவரின் நலமறிய ஆவல். இங்கே ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையோரம் கட்டிக்கிடக்க, நாட்டுப்படகுக்காரர்களும் கரைவலைக்காரர்களும் மட்டும் தொழில் பார்க்கிறார்கள். மகளுக்கு மதுரைக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. வீட்டில் நாங்கள் இருவர்தான் என்பதால், நீ அனுப்பிய கட்டுரையைப் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படிக்க முடிந்தது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழான் பொத்ரியார் நிஜமும் நகலும் பற்றி 1981இல் வெளியிட்ட நூலின் சாரத்தைத் தெளிவாகவே எழுதியிருக்கிறாய். பிம்பம் முதலில் உண்மையைக் காட்டும், பிறகு அதைத் திரிக்கும், அதன் பிறகு உண்மை என்று ஒன்று இல்லாததை மறைக்கும், கடைசியில் எந்த உண்மையின் தயவும் இல்லாமல் தானாகவே நின்றுவிடும் என்ற நான்கு படிகளில் எனக்கு வழக்கில்லை. நகலோடு வாழ்வது நமக்குப் பழகிப்போனதுதான், அதற்கு ராமேஸ்வரமே சாட்சி என்று அடுத்துச் சொல்கிறாயே, அங்கேதான் இடறுகிறது. கயிலையிலிருந்து லிங்கம் கொண்டுவரப் போன அனுமன் தாமதிக்கவே, சீதை மணலில் பிடித்த லிங்கமே மூலவராயிற்று என்பதும், பின்னால் வந்த விஸ்வலிங்கத்துக்கே முதல் பூசை என்பதும் தலபுராணம். ஆனால் அந்தக் கதை எதையும் ஒளிக்கவில்லை. எது மணலில் பிடித்தது, எது மலையிலிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் இரண்டையும் கும்பிடச் சொல்கிறது. தெரிந்தே கும்பிடுவது வேறு. வித்தியாசமே தெரியாமல் போவது வேறு.

பேய்க்கரும்பில் 2017இல் திறக்கப்பட்ட கலாம் நினைவிடத்தை நீ பார்த்திருக்கிறாய். முகப்பு இந்தியா கேட் சாயலில், குவிமாடங்கள் குடியரசுத் தலைவர் மாளிகையின் சாயலில், உள்ளே மெழுகுச் சிலையும் ராக்கெட் மாதிரிகளும். அத்தனைக்கும் நடுவில் அவரை அடக்கம் செய்த இடம் உண்மையாகவே இருக்கிறது. சமாதியைவிடச் சிலையின் முன்னால்தான் கூட்டம் அதிக நேரம் நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் ஆசையாக வருகிற இடம் என்பதால் இதைப் பெரிய குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீ எழுதாமல் விட்டது தனுஷ்கோடியைத்தான். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவுப் புயலில் அந்த ஊர் அழிந்ததும், பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் கடலோடு போனதும், குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்ததும் உனக்குத் தெரிந்த செய்திகள். அறிவிப்பு அறிவிப்பாக இருக்க, மீனவர்கள் அங்கே குடிசை போட்டு இன்றுவரை கரைவலை இழுத்துப் பிழைக்கிறார்கள். நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகோ கார்களும் வேன்களும் வரிசை கட்டுகின்றன. வருகிறவர்கள் எல்லோரும் கைப்பேசியில் முன்பே பார்த்துவிட்ட ஒரு படத்தைத் தேடி வருகிறார்கள்: ஆளே இல்லாத பேய் நகரம்.

போன மாதம் இடிந்த தேவாலயத்தின் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். திருமணமான புதுஜோடி ஒன்றைப் படமெடுக்க இரண்டு பேர் கருவிகளோடு வந்தார்கள். சற்றுத் தள்ளி ஓர் அம்மாள் ஓலைப்பாயில் நெத்திலி காயப்போட்டிருந்தார். அவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேமராவைக் கண்டதுமே அவர், "எடுத்துக்கங்க தம்பி, நான் சுருட்டிக்கிறேன்" என்று மீனை ஒதுக்கி, பாயைச் சுருட்டிக்கொண்டு, எந்தச் சுவருக்குப் பின்னால் நின்றால் படத்தில் விழமாட்டோம் என்று அளந்து வைத்தவர்போல அங்கே போய் நின்றுகொண்டார். உச்சி வெயில், மேகமில்லாத வானம். எடுத்தவர் திரையில் எனக்குக் காட்டிய படத்திலோ நிறம் வற்றி, வானம் கறுத்து, புயல் நேற்றுதான் அடித்து ஓய்ந்ததுபோல் இருந்தது.

பேரரசு முழுவதையும் மூடுகிற அளவுக்கு வரைபடம் தீட்டியதைச் சொல்லும், அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹேயின் கதையைப் பொத்ரியார் தலைகீழாக்குகிறார்: இனி வரைபடம்தான் முன்னால் வரும், நிலம் அதன் பின்னால் வரும் என்கிறார். புத்தகத்தில் படித்தபோது இதை மிகைப்பேச்சு என்று தள்ளியிருந்தேன். அந்த அம்மாள் பாயைச் சுருட்டிய பிறகு அப்படித் தள்ள முடியவில்லை.

இன்னொன்றும் கேள். செயற்கை நுண்ணறிவில் தயாரித்த காணொளி ஒன்று, புயலுக்கு முந்தைய தனுஷ்கோடி என்று வாட்ஸாப்பில் சுற்றுகிறது. புயலின்போது பத்து வயதுப் பையனாக அங்கே இருந்த என் பெரியப்பா மகனிடம் காட்டினேன். அதில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் உயரமாக ஒரு மலை. அந்த மணல்திட்டில் மலை ஏது என்று கேட்டதற்கு அண்ணன் யோசித்து, "தூரத்துல சிலோன் மலையா இருக்கும்டா" என்றார். சிலோன் கப்பல் ஏற வந்தவர்களின் பெட்டிகளை வேடிக்கை பார்த்த மனிதர் தன் நினைவைத் திருத்திக்கொண்டாரே தவிர, படத்தைத் தவறென்று சொல்லவில்லை. உன் நான்காவது படிக்கு இதைவிட நல்ல உதாரணம் உனக்குப் பாரிசிலும் கிடைக்காது.

பிரான்சில் ஆதிமனிதர் ஓவியங்கள் உள்ள லாஸ்கோ குகை பற்றி நீ எழுதிய பத்தியைக் குறைத்துவிடாதே. பார்க்க வந்தவர்களின் மூச்சுக்காற்றே ஓவியங்களைக் கெடுத்ததால் 1963இல் குகையை மூடி, 1983இல் அருகிலேயே ஒரு நகலைத் திறந்தார்கள். நகல் வந்ததும் இரண்டுமே செயற்கையாகிவிட்டன என்று பொத்ரியார் சலித்துக்கொள்கிறார். எனக்கு அந்தச் சலிப்பில்லை. குகைக்குள் யாரும் குடியிருக்கவில்லை. இங்கே இருக்கிறார்கள். பேய் நகரம் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு மகாபலிபுரம் சாலையில் எங்காவது பவளக்கல்லில் ஒரு தனுஷ்கோடியைக் கட்டிக்கொடுத்தால், நெத்திலியாவது ஒழுங்காகக் காயும். இது வேடிக்கைக்குச் சொல்வதா, நிஜமாகவே சொல்வதா என்று எனக்கே தீரவில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்