முதுகை நிமிர்த்திய எல்லோருக்கும் நன்றி

அன்புடையீர்,

ஸ்கோலியோசிஸ் (முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது) ஆபரேஷன் முடிந்து பிள்ளை நிமிர்ந்து நடந்தால் எல்லோரும் கும்பிடுவது சர்ஜனைத்தான். அது தகும். அவரோடு சேர்ந்து உழைத்தவர்களுக்காக இந்த மடல்.

முதல் நன்றி, நரம்புக் கண்காணிப்புத் திரையிலிருந்து கண்ணெடுக்காதவருக்கு. முள்ளெலும்புகளில் ஸ்க்ரூ இறக்கி, 2 ராடுகளை (உலோகக் கம்பிகளை) பொருத்தி வளைவை நிமிர்த்தும்போது தண்டுவடம் இழுபடலாம், அதன் ரத்த ஓட்டமும் குறையலாம். தலையில் கொடுக்கும் மின்துடிப்பு கால் தசைக்குப் போய்ச் சேருகிறதா என்று அவர் பார்த்தபடியே இருக்கிறார். திரையில் அதைக் காட்டும் அலை சுருங்கினால் உடனே குரல் கொடுப்பார். ரத்த அழுத்தத்தை ஏற்றுவார்கள், ஸ்க்ரூக்களைச் சரிபார்ப்பார்கள், தேவைப்பட்டால் நிமிர்த்தியதைத் தளர்த்துவார்கள். எக்ஸ்ரேயில் வளைவு கொஞ்சம் மிச்சமிருக்கிறதே என்று பெற்றோர் மனம் தளர வேண்டாம். தண்டுவடம் தாங்கும் அளவுக்கு நிமிர்த்துவதே சரி.

மயக்க மருந்து நிபுணருக்கு நன்றி. மயக்க வாயு அந்த அலையை மங்கச் செய்யும் என்பதால் மருந்தை ரத்தக்குழாய் வழியே செலுத்துகிறார். மின்துடிப்பில் தாடை இறுகி நாக்கு கடிபடாதிருக்க, சுருட்டிய காஸ் துணியைக் கடைவாயில் வைக்கிறார். குப்புறப் படுத்த பிள்ளையின் வயிறு அழுந்தாமல் தொங்கும்படி பார்த்துக்கொள்கிறார். அழுந்தினால் முதுகெலும்பைச் சுற்றிய சிரைகள் புடைத்து ரத்தப்போக்கு கூடும். ரத்ததானம் செய்தவர்களே, ஆபரேஷன் அறையின் தைரியம் நீங்கள்தான்.

வார்டு செவிலியர்களுக்கு: தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப, கட்டையை உருட்டுவதுபோல் புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள். வலி மருந்தால் மலம் இறுகும் என்று முன்கூட்டியே மலமிளக்கி தருகிறீர்கள். வாந்தி நிற்காவிட்டால் உடனே டாக்டரைக் கூப்பிடுகிறீர்கள். முதுகு நிமிர்ந்ததில் சிறுகுடலின் தொடக்கம் ரத்தக்குழாய்களுக்கு நடுவே நெரிபட்டிருக்கலாம்.

ஓரிரு நாளிலேயே எழுந்து நடக்கவைக்கும் பிசியோதெரபிஸ்டுகளுக்கும் நன்றி. வலிக்கிறது என்று படுத்தே கிடந்தால் நுரையீரலில் சளி கட்டும்.

வீட்டில் "குனியாதே, முறுக்காதே, பளு தூக்காதே" என்று நாளெல்லாம் நினைவூட்டும் அம்மா அப்பாக்களுக்கு மனமார்ந்த நன்றி. ராடு தற்காலிக முட்டுதான். ஆபரேஷனின்போது முதுகெலும்பின் மேல் பரப்பிய எலும்புத் துணுக்குகள் முள்ளெலும்புகளோடு ஒட்டி ஒரே எலும்பாக 6 முதல் 12 மாதம் ஆகும். ஒட்டாவிட்டால் ராடு நாளடைவில் களைத்து உடையும். தையலில் நீர் கசிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்கு ஓடி வருகிறீர்களே, அதற்கும் நன்றி.

புத்தகப் பையைத் தூக்காதிருக்க ஒரு செட் புத்தகத்தை வகுப்பிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லும் ஆசிரியர்களுக்கும் எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
பிள்ளைகளை ஆபரேஷனுக்குத் தயார்செய்யும் குழுவினர்