பாசிக்கும் பாலினப் பெருக்கம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் அறிவியல் பக்கத்துல பாசி பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா ஒரு செல் பாசிக்கு பாலினப் பெருக்கமே கிடையாது, ரெண்டா நாலா பிரிஞ்சுக்கும் அவ்ளோதான்னு ஒரு வரி வந்துருக்கு பாருங்க, அது தப்பு. படிக்கிற பசங்க அதையே மனசுல பதிச்சுக்குவாங்களேன்னு தான் எழுதறேன்.

கிளாமிடோமோனாஸ்ங்கற ஒரு செல் பச்சைப் பாசிய எடுத்துக்கோங்க. சத்து கிடைக்கிற வரைக்கும் அது பிரிஞ்சு பிரிஞ்சுதான் பெருகும். நைட்ரஜன் தீந்துடுச்சுன்னா அதே செல்லு கேமீட்டா, அதாவது இனச்சேர்க்கைக்கான செல்லா மாறி ஜோடி சேரும். ரெண்டும் ஒரே சைஸ்ல இருக்கறதால ஆண் பெண்ணுன்னு சொல்ல முடியாது, ப்ளஸ் மைனஸ்னு தான் சொல்றாங்க. இத தீர்மானிக்கிற இடம் 6வது குரோமோசோம்ல இருக்கு, அதுல மிட்னு ஒரு ஜீன், அது இருந்தா மைனஸ் இல்லேன்னா ப்ளஸ். ப்ளஸ் செல்லுக்குள்ள அந்த ஒரு ஜீன மட்டும் ஏத்தி விட்டா அதுவும் மைனஸ் மாதிரியே நடந்துக்குதுன்னு ஃபெரிஸ், குடினஃப்னு ரெண்டு ஆய்வாளருங்க 1997ல எழுதியிருக்காங்க. இதோட சொந்தக்கார பாசியான வால்வாக்ஸ்ல கருமுட்டை, விந்துன்னு தனித்தனியா உண்டு, அங்க ஆண் பக்கம் இருக்கறதும் இதே மிட் ஜீன்தான். ஆண் பெண் வித்தியாசம் எங்கேருந்து வந்துச்சுன்னு தேடறவங்களுக்கு இத விட நல்ல தடயம் வேணுமா சொல்லுங்க!

எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது ரூத் சேகர்ங்கற அமெரிக்க மரபியல் ஆய்வாளர் 1954ல வெளியிட்டது. ஸ்ட்ரெப்டோமைசின் மருந்துக்கு சாகாத செல்ல சாகற செல்லோட சேத்து பாத்தாங்க. ரெண்டும் ஒண்ணா கலந்து ஜைகோட்ங்கற ஒரே செல்லாகி, அதுலருந்து நாலு செல்லு பொறக்கும். சாதாரண ஜீனா இருந்தா பொறக்கற நாலு செல்லுல ரெண்டு தாங்கணும் ரெண்டு சாகணும், ஆனா அவங்க பாத்த ஒரு வகைல, தாங்குற குணம் ப்ளஸ் பக்கம் இருந்தா நாலுமே தாங்குது, மைனஸ் பக்கம் இருந்தா ஒண்ணுகூட தாங்கல. காரணம் என்னன்னா அந்த குணம் செல்லுக்குள்ள பச்சையா இருக்கற உறுப்பான குளோரோபிளாஸ்ட்டோட டிஎன்ஏல இருக்கு, ஜைகோட்டுக்குள்ள மைனஸ் பக்கத்து குளோரோபிளாஸ்ட் டிஎன்ஏ சீக்கிரமே அழிஞ்சுடுது. செல்லுக்கு சக்தி தர்ற உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவோட டிஎன்ஏ மட்டும் நேர் எதிரா மைனஸ் பக்கத்துலருந்து வருது.

அடுத்த வாரம் ஒரு சின்ன திருத்தம் போடுங்க சார். கூட படம் போட இடம் இருந்தா, கெட்டி ஓடு போட்ட ஜைகோட்டும் அது முளைச்சு ரெண்டு ப்ளஸ் ரெண்டு மைனஸ்னு நாலு செல்லு வெளிய வர்றதும் தெரியற மாதிரி போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி