தயாரித்த ஆதாரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணவன் மனைவி தகராறில் சமூக ஊடக ஆதாரம் திரட்டத் தனியார் துப்பறிவாளரை அமர்த்துவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். "தயங்காமல் அமர்த்துங்கள்" என்கிற தொனியில் எழுதியிருக்கிறார்கள். குடும்ப வழக்குகளில் ஆலோசகராகப் பல வருடம் இருந்தவன் என்பதால், கட்டுரையில் விட்டுப்போனதைச் சொல்கிறேன்.

துப்பறிவாளர்கள் கொடுக்கும் அறிக்கையைப் பெரும்பாலான வாசகர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். ஸ்பைரல் போட்ட தடிமனான கட்டு, முக்கால்வாசி ஸ்க்ரீன்ஷாட். யார் படத்துக்கு யார் லைக் போட்டார், இரவு எத்தனை மணிக்கு ஆன்லைனில் இருந்தார் என்று அட்டவணை வேறு. தூக்கம் வராமல் மொபைல் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தாலும் ஆன்லைன் என்றுதான் காட்டும். அதைக்கூட விட்டுவிடலாம். நான் பார்த்த ஒரு கட்டில் கடைசிப் பக்கங்கள் முழுக்க ஒரு உரையாடல். முன்பின் தெரியாத ஒரு பெண் கணவருக்கு நட்பு அழைப்பு அனுப்புகிறாள். அவர் கண்டுகொள்ளவில்லை. மறுபடி மறுபடி வணக்கம் வருகிறது. ஒருநாள் பதில் போடுகிறார், அப்புறம் வழிகிறார். அந்தப் பெண் யாரென்று விசாரித்தால், துப்பறியும் அலுவலகத்தில் வேலை பார்த்த ஓர் இளைஞர்! மனைவியிடம் இதை விளக்கினேன். "அப்படின்னா அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லையா சார்?" என்று கேட்டார். அவர் காசு கொடுத்தது அந்தக் கேள்விக்கு விடை தெரியத்தான். அறிக்கையில் அது மட்டும் இல்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைப்பதும் அங்கேதான். போலிக் கணக்கு ஃபேஸ்புக்கின் விதிக்கே விரோதம். ஸ்க்ரீன்ஷாட்டும் தனியாக நிற்காது. கணினித் திரையில் இருக்கும் எழுத்தை மாற்றிவிட்டுப் படம் எடுக்க அரை நிமிடம் போதும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய புகைப்படத்தில், எங்கே எப்போது எடுத்தது என்ற விவரம் அழிந்துபோயிருக்கும். அசல் பதிவின் முகவரி, எடுத்த தேதி, எந்தக் கருவியில் எடுத்தது, எடுத்தவர் வந்து சாட்சி சொல்வாரா, இதெல்லாம் வேண்டும்.

ரகசியமாகப் பதிவு செய்த பேச்சும் ஆதாரமாகச் செல்லும் என்று 2025 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைக் கட்டுரையாளர் துணைக்கு அழைத்திருக்கிறார். அந்த வழக்கில் கணவர் பதிவு செய்தது தானே மனைவியோடு பேசிய பேச்சை. மூன்றாம் ஆள் ஒருவர் பாஸ்வேர்டை உடைத்து உள்ளே போவதற்கு அதை அனுமதிச் சீட்டாகக் காட்ட முடியாது. மனைவி என்பதற்காகவோ கணவர் என்பதற்காகவோ மற்றவரின் கணக்கைத் திறக்கும் உரிமை வந்துவிடாது. திறக்கச் சொல்லிக் காசு கொடுத்தவரும் சேர்ந்தே மாட்டுவார்.

உளவு ஆப் விஷயத்தைக் கட்டுரை ஒரு வரியில் தாண்டிவிட்டது. இன்னொருவர் மொபைலில் அவருக்குத் தெரியாமல் அதைப் போடுவது கண்காணிப்பு என்ற பெயரில் நடக்கும் வன்முறை. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2021-ல் ஸ்பைஃபோன் என்ற உளவு ஆப் நிறுவனத்தை இந்தத் தொழிலிலேயே இருக்கக் கூடாது என்று தடுத்தது. அடிக்கிற கணவரை விட்டுத் தப்பி வந்த பெண்ணின் இருப்பிடத்தை இப்படி ஒரு ஆப் காட்டிக்கொடுத்தால் என்ன ஆகும்? வாடிக்கையாளர் யார், எதற்குத் தேடுகிறார் என்று விசாரிக்கிற துப்பறிவாளர் எத்தனை பேர்?

வேடிக்கை என்னவென்றால், 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பேர் வாங்கிய பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனம் விவாகரத்து வழக்கே எடுப்பதில்லை என்று விதி வைத்திருந்தது. இன்று பல நாடுகளில் விவாகரத்துக்குக் கணவன் அல்லது மனைவியின் தவறை நிரூபிக்கவே தேவையில்லை. கலிஃபோர்னியாவில் 1970 முதல், இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் முதல் அப்படித்தான். அங்கெல்லாம் பிரிவதற்கு அந்த ஸ்பைரல் கட்டு தேவையே இல்லை.

துப்பறிவாளரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வருமானமே இல்லை என்று நீதிமன்றத்தில் சத்தியம் செய்துவிட்டு, புதுக் காரோடு நின்று எல்லாரும் பார்க்கப் படம் போடுகிறவர்கள் உண்டு. குழந்தைக்குப் பணம் தராமல் ஊர் ஊராய் மறைகிறவர்கள் உண்டு. அவர்கள் பொதுவில் போட்டதைத் தேதியோடு முறையாகச் சேகரித்துத் தருவது நல்ல வேலை, அதைச் சுத்தமாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பெயர் தெரியாத கணக்கிலிருந்து அவதூறு வந்தால் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கணக்குக்குப் பின்னால் யார் என்ற தகவல் அந்தச் சமூக ஊடக நிறுவனத்திடம்தான் இருக்கும். அதைச் சட்டப்படி கேட்டு வாங்கப் போலீஸோ நீதிமன்றமோ வேண்டும். இரண்டு நாளில் ஐபி முகவரியும் (இணைய இணைப்பைக் காட்டும் எண்) கால் லிஸ்ட்டும் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், எப்படி எடுப்பீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் முன்பணத்தைக் கொடுக்காமல் எழுந்து வந்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்