தங்கம் விலை போடறீங்க, மாத்திரை விலையும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு எங்க மாமியார் வருஷா வருஷம் சொல்லுவாங்க. நம்ம கடலூர்ல அப்படி என்ன பெரிய குளிரு, விடியக்காலைல 20 டிகிரிக்கு வந்தாலே நாம மஃப்ளர் சுத்திக்கறோம், டெல்லிக்காரங்க கேட்டா சிரிப்பாங்க. ஆனா ஐப்பசி கார்த்திகை மழைல ஊறுன செவுரு மார்கழி முடிஞ்சாலும் காய மாட்டேங்குது, அந்த ஈரத்தோட பனியும் சேர்ந்தா வயசானவங்களுக்கு நேரா நெஞ்சுல தான் போய் உக்காருது.

எங்க வீட்டுல சிக்கனம் நான் தான். கீசர் இருக்கு, போட மாட்டேன். அரை மணி நேரம் ஓடுனா ஒரு யூனிட், நாலு பேரு குளிக்கறதுக்குள்ள ரெண்டு யூனிட் போயிடும், ரெண்டு மாச கணக்குல 500 தாண்டிச்சின்னா ஸ்லாபே மாறி பில்லு எகிறிடும். அதனால பின்னாடி கொட்டாய்ல வெறகு அடுப்பு வச்சி அண்டாவுல வெந்நீர். வெறகு பண்ருட்டி பக்கத்து முந்திரி வெறகு, தோப்புல கழிக்கற கிளைய சொந்தக்காரங்க வண்டில போட்டு அனுப்புவாங்க (2011 தானே புயல்ல சாஞ்ச மரத்த ரெண்டு வருஷம் எரிச்சோம், அது தனி கதை). போர்வைக்கு பழைய நூல் புடவை நாலு சேத்து தச்சிடுவேன், அதுக்கு ஈடா எந்த கம்பளியும் வராது. சாயந்திரம் சுக்கு காப்பி, ராத்திரி தூதுவளை ரசம், ஜன்னல் எல்லாம் இழுத்து சாத்திட்டு காயாத துணிய கூடத்துலயே கொடி கட்டி போட்டுடுவேன். இப்படி இந்த சீசன்ல கீசர்ல மட்டும் ஒரு 450 ரூபா மிச்சம்னு நோட்டுல எழுதி வச்சிருந்தேன், கொஞ்சம் பெருமையாவும் இருந்திச்சி.

தை பொறந்து ஒரு வாரம் இருக்கும், ராத்திரி பதினோரு மணிக்கு மாமியாருக்கு வீசிங். பையன் சிப்காட்ல நைட் ஷிப்ட், எனக்கு கையும் ஓடல காலும் ஓடல, பக்கத்துல இருந்த ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோல தூக்கிட்டு ஓடினேன். ராத்திரி நேர பீஸ் 800, நெபுலைசர் மூணு தடவை வச்சதுக்கு 900, ரத்த டெஸ்ட் 1650, எக்ஸ்ரே 500, மருந்து 1140. மொத்தம் 4990. ஒவ்வொண்ணும் எவ்வளவுன்னு முன்னாடி யாரும் சொல்லல, கேக்கற நிலைமையிலயும் நான் இல்ல, கடைசில ஒரே சீட்டா கைல குடுத்தாங்க. காப்பீடு கார்டை நீட்டினேன், அம்மா இது அட்மிஷன் போட்டா தான் செல்லும், ஓபிக்கு கிடையாதுன்னுட்டாங்க. உண்மை தான், முதல்வர் காப்பீடா இருக்கட்டும், 70 வயசு தாண்டினவங்களுக்குன்னு 2024ல வந்த ஆயுஷ்மான் கார்டா இருக்கட்டும், 5 லட்சம் வரைக்கும்னு சொல்றது படுக்கைல போட்டு பாக்கற வைத்தியத்துக்கு. எங்கள மாதிரி குடும்பத்த அரிக்கறது அந்த அஞ்சு லட்சம் இல்லங்க, மாசா மாசம் வர இந்த ஆயிரமும் ரெண்டாயிரமும் தான்.

மறுநாள் காலைல மஞ்சக்குப்பம் ஜிஎச்சுக்கு கூட்டிட்டு போனேன். அங்க பைசா வாங்கல, மருந்தும் குடுத்தாங்க. ஆனா டாக்டரம்மா ஒண்ணு கேட்டாங்க பாருங்க, வீட்டுல வெறகு அடுப்பா, துணி உள்ள காய வைக்கறீங்களா, ஜன்னல் தொறக்கறதே இல்லையான்னு. மூணுக்கும் ஆமான்னு சொல்லும்போது எனக்கு நாக்கு மேல எழும்பல. நான் மிச்சம் பண்ண ஒவ்வொரு ரூபாயும் பொகையாவும் பூஞ்சையாவும் அவங்க நெஞ்சுக்குள்ள போயிருக்கு. இப்ப அவங்க குளிக்க மட்டும் கீசர், துணி மொட்டை மாடில தார்ப்பாய் கட்டி அதுக்கு அடில காயுது, பத்து மணிக்கு வெயில் ஏறினதும் ஜன்னல் தொறந்தாகணும். வெறகு அடுப்பு முழுசா நிக்கல, எங்களுக்கு அதுல தான் வெந்நீர், ஆனா அவங்க ரூம் பக்கம் பொகை வராம வேலி ஓரமா தள்ளி வச்சாச்சி.

இன்னொரு விஷயம், அந்த ராத்திரி எழுதிக் குடுத்த மாத்திரைல ஒண்ணு மான்டிலூகாஸ்ட்டும் லீவோசிட்ரிசினும் சேந்தது. அதே மருந்து, அதே அளவு, தமிழ்நாடு அரசோட முதல்வர் மருந்தகத்துல கேட்டா பாதிக்கும் கம்மி விலை. 2025 பிப்ரவரில இருந்து அந்த கடைங்க இருக்கு, மத்திய அரசோட மக்கள் மருந்தகம் அதுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு, ஆனா சீட்டுல இருக்கறது கம்பெனி வச்ச பேரு, உள்ள இருக்கற மருந்து பேரு நமக்கு தெரிஞ்சா தானே அங்க போய் கேக்க முடியும். எதிர் வீட்டு அக்கா எல்லாத்துக்கும் மொத பஸ் புடிச்சி பாண்டி ஜிப்மருக்கே போயிடுவாங்க, அவங்களுக்கு கால்ல தெம்பு இருக்கு, எங்க மாமியார பஸ்ல ஏத்தறதே பாதி நாள் வேலை.

அதனால ரெண்டு கோரிக்கை. ஓட்டல் வாசல்ல இட்லி என்ன விலைன்னு எழுதி வைக்கறாங்க, அதே மாதிரி ஆஸ்பத்திரி வாசல்லயும் கன்சல்டிங் எவ்வளவு, நெபுலைசர் எவ்வளவு, எக்ஸ்ரே எவ்வளவுன்னு தமிழ்ல ஒரு போர்டு கண்ணுக்கு தெரியற மாதிரி இருக்கணும், அதிகாரிங்க அத நேர்ல போய் பாக்கணும். ரெண்டாவது உங்களுக்கு. தங்கம் வெள்ளி விலைய தினமும் போடறீங்க, நான் தங்கம் வாங்கி எட்டு வருஷம் ஆச்சி, மாத்திரை வாங்காத மாசம் கிடையாது. பிரஷர், சுகர், வீசிங் இதுக்கெல்லாம் அதிகமா எழுதற மருந்து என்ன, அதோட உண்மையான பேரு என்ன, அரசு நிர்ணயிச்ச உச்ச விலை எவ்வளவு, மக்கள் மருந்தகத்துல எவ்வளவுன்னு வாரத்துக்கு ஒரு நாள் ஒரு சின்ன பெட்டி போடுங்க. மருந்து விலை ஆணையம் ஃபார்மா சஹி தாம்னு ஒரு ஆப்பே வச்சிருக்கு, உங்க நிருபருக்கு பத்து நிமிஷ வேலை. எடம் இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க, ராசிபலன்ல ராசிக்கு ஒரு வரி கொறச்சா போதும், மாமியார நான் சமாளிச்சிக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்