அரேஞ்சர்கள் கைப்பட எழுதிய நோட்ஸை அரசு திரட்ட வேண்டும், ஆர்.கே. சேகரில் தொடங்க வேண்டும்: கோரிக்கை மனு

பெறுநர்:
அரசு செயலாளர் அவர்கள்,
தமிழ் வளர்ச்சி மற்றும் செய்தித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை 600 009.

பொருள்: திரையிசை அரேஞ்சர்களின் (பாட்டுக்கு வாத்திய இசையை எழுதித் தருபவர்களின்) இசைக்குறிப்புகளையும் பெயர்களையும் திரட்டி அரசுப் பொறுப்பில் பாதுகாக்கக் கோருவது தொடர்பாக.

ஐயா / அம்மா, வணக்கம்.

ஏ.ஆர். ரகுமானின் அப்பா என்று சொன்னால்தான் ஆர்.கே. சேகர் யார் என்று நம் ஊரில் பலருக்குப் புரிகிறது. மகனால் அப்பாவுக்குப் பெயர் வருவது நல்லதுதான். ஆனால் அந்த மனுஷன் என்ன வேலை பார்த்தார் என்று அடுத்த கேள்வி கேட்டால் "மலையாளப் படங்களுக்கு மியூசிக் போட்டார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது, அவருடைய உழைப்பில் பெரும்பங்கு போன இடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ராஜகோபால குலசேகரன் என்பது முழுப் பெயர். பிறந்தது 1933 ஜூன் 21. தமிழர், குடும்பமும் தொழிலும் சென்னையில். 1964இல் வந்த 'பழசிராஜா' என்ற மலையாளப் படம்தான் இசையமைப்பாளராக அவருக்கு முதல் படம். வயலார் ராமவர்மா எழுதி ஜேசுதாஸ் பாடிய 'சொட்ட முதல் சுடல வரே' அந்தப் படத்துப் பாட்டு. (கேரளத்து மன்னர் பழசிராஜாவின் அதே கதை 2009இல் மறுபடி படமாக வந்தபோது பின்னணி இசைக்கு இளையராஜாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. இரண்டு தடவையும் பழசிராஜாவுக்கு இசை கொடுத்தவர் ஒரு தமிழர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை.) இப்படி ஒரு பாட்டோடு ஆரம்பித்தவருக்குச் சொந்தமாக இசையமைக்கும் படங்கள் வரிசையாக வந்தது எழுபதுகளில்தான். அதற்கு முன்னும் பின்னும் அவர் அரேஞ்சர். தட்சிணாமூர்த்தி, தேவராஜன், அர்ஜுனன் என்று மலையாளத்தின் பெரிய இசையமைப்பாளர்களுக்கு வாத்திய இசையை எழுதி, ரெக்கார்டிங்கில் நின்று வாத்தியக் குழுவைக் கண்டக்ட் செய்து நடத்தியவர். அப்போது மலையாளப் பாட்டுகளில் பெரும்பாலானவை மதராஸில்தான் பதிவாயின, கோடம்பாக்கமும் வடபழனியும்தான் அவர்களுக்கும் ஊர்.

அரேஞ்சர் என்ன செய்வார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். இசையமைப்பாளர் ஹார்மோனியத்தை வைத்துக்கொண்டு மெட்டைப் பாடிக் காட்டுவார். அதற்கு மேல் பல்லவிக்கு முன்னால் என்ன வரவேண்டும், சரணத்துக்கு நடுவே வயலின்கள் எப்படி ஏறி இறங்கவேண்டும், புல்லாங்குழல் எங்கே நுழையவேண்டும், பாடகர் மூச்சு விடும் இடத்தை எந்த வாத்தியம் நிரப்பவேண்டும், செல்லோ என்ற பெரிய வயலின் போன்ற வாத்தியம் அடியில் என்ன செய்துகொண்டிருக்கவேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் அரேஞ்சர் கையில்தான். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகத் தாளில் எழுதிக் கொடுப்பார். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பாடகரோடு சேர்த்து ஒரே டேக்கில் வாசித்த காலம் அது, யாராவது ஒருவர் தப்பு செய்தால் முதலிலிருந்து திரும்ப எடுக்கவேண்டும், அதனால் அந்தத் தாளில் இருப்பது துல்லியமாக இருந்தே ஆகவேண்டும். நாம் முணுமுணுக்கும் பல பாட்டுகளில் வரிக்கு முன்னால் நம் வாயில் வருவது அந்த இடையிசைதான். அதை எழுதியவரின் பெயர் டைட்டில் கார்டில் 'உதவி' என்று ஒரு நொடி வந்து போகும், பல படங்களில் அதுவும் கிடையாது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வயலின் கலைஞர் ஒருவர் இருக்கிறார். பரண்மேல் இருந்த ஒரு கட்டு நோட்ஸை இறக்கிக் காட்டினார். 2015 வெள்ளத்தில் நனைந்து காய்ந்தவை, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. பிரித்த ஒரு தாளில் நீல மையில் ஸ்வரங்கள், அதன்மேல் சிவப்புப் பென்சிலில் வில்லை எங்கே மேலே இழுப்பது எங்கே கீழே இழுப்பது என்ற குறிகள், ஓரத்தில் "இங்கே மெதுவாக" என்று வேறு ஒருவர் கையெழுத்து. எந்தப் படம் என்று அதில் இல்லை. அவருக்கும் ஞாபகமில்லை, ஆனால் தாளைப் பார்த்துக்கொண்டே விரலால் மேஜையில் வாசித்துக் காட்டினார். இப்படி எத்தனை வீடுகளில் எத்தனை கட்டுகள் இருக்கும், எத்தனை ஏற்கெனவே பழைய பேப்பர்க்காரரிடம் போயிருக்கும்!

சேகர் 1976 செப்டம்பர் 30இல் காலமானார், வயது 43. மகனுக்கு அப்போது ஒன்பது வயது. அவர் வாங்கி வைத்திருந்த வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நாளைத் தள்ளியது. நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களுக்கு இசையமைத்து, இன்னும் எத்தனையோ பாடல்களுக்கு வாத்திய இசை எழுதிய ஒருவர் விட்டுப்போனதில் வாடகை வந்தது வாத்தியங்களுக்கு மட்டும்தான், எழுதிய நோட்ஸுக்கு ஒரு பைசா வரவில்லை. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உறுதி செய்தார்கள், நல்ல காரியம். அரேஞ்சரின் பெயர் அந்தப் பேச்சிலேயே வரவில்லை. அது மத்திய அரசின் விஷயம், தங்களிடம் அதைக் கேட்கவில்லை.

தங்களால் முடிந்ததைத்தான் கேட்கிறேன். தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் அரசின் திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, சென்னையிலேயே அரசின் இசைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. இரண்டில் ஒன்றில் ஒரு அறை ஒதுக்கி, பழைய வாத்தியக் கலைஞர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் இருக்கும் நோட்ஸை ஸ்கேன் செய்து திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். அசலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை, பல பேருக்கு அதைப் பிரிய மனசு வராது. கூடவே அவர்களை உட்காரவைத்துப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள், ஏனென்றால் அந்தத் தாளைப் பார்த்து எந்த டேக், யார் எழுதியது என்று சொல்லக்கூடியவர்கள் எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். தாள் இருந்து ஆள் இல்லாமல் போனால் பாதிதான் மிஞ்சும். சினி மியூசிசியன்ஸ் யூனியனிடம் கேட்டால் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்க வழி கிடைக்கும்.

சேகர் விஷயத்தில் கேரள அரசின் திரைப்பட அமைப்பான சலச்சித்ர அகாடமிக்கும் தங்கள் துறையிலிருந்து ஒரு கடிதம் போகவேண்டும். பாட்டு அவர்கள் மொழியில், ஆள் நம் ஊர், பதிவானதும் இங்கே. இரண்டு அரசும் சேர்ந்து செய்தால்தான் அவர் எந்தெந்தப் பாட்டுக்கு அரேஞ்சராக இருந்தார் என்று ஒரு முழுப் பட்டியல் போடமுடியும். 2033இல் அவருக்கு நூற்றாண்டு வருகிறது, அதற்குள் அந்தப் பட்டியல் அச்சில் வரவேண்டும் என்பது என் ஆசை. அப்புறம் இன்னொன்று: மாநில அரசின் திரைப்பட விருதுகளில் வாத்திய இசை அமைப்புக்கென்று ஒரு பிரிவைச் சேர்ப்பது பற்றியும் யோசியுங்கள்.

மேலே சொன்ன வயலின் கலைஞர் தன் கட்டை ஸ்கேன் செய்யக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். ஒட்டிய பக்கங்களைக் கிழியாமல் பிரிக்கத் தெரிந்த ஆள்தான் எங்களிடம் இல்லை. எந்த அலுவலகத்துக்கு, யாரிடம் கொண்டுவர வேண்டும் என்று ஒரு பதில் அனுப்பினால் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
திரையிசை ரசிகன் ஒருவன்,
வடபழனி, சென்னை.