தந்தை செல்வாவும் மலையக மக்களின் பிரஜாவுரிமையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தந்தை செல்வா என்று அழைக்கப்படும் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் நினைவு தினத்தையொட்டித் தங்கள் பத்திரிகை வெளியிட்ட கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். காலிமுகத்திடல் சத்தியாக்கிரகம், பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம், 1961ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கச்சேரி (அரசாங்கச் செயலகம்) வாசலில் நடந்த மறியல், டட்லி - செல்வா ஒப்பந்தம், வட்டுக்கோட்டைத் தீர்மானம் ஆகிய அனைத்தும் அதில் உரிய மரியாதையுடன் எழுதப்பட்டிருந்தன. ஆயினும் இலங்கைத் தமிழரசுக் கட்சி எதற்காகத் தோன்றியது என்பதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்து, சிங்களத்தை மட்டுமே அரச மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்க்க எழுந்த கட்சி என்று முடித்துவிட்டது. அச்சட்டம் வந்தது 1956ஆம் ஆண்டில். கட்சி தொடங்கப்பட்டதோ 1949 டிசம்பர் 18ஆம் திகதி. இடைப்பட்ட ஆறரை ஆண்டுகளைத் தவறவிட்டால், அந்த மனிதர் தன் அரசியல் வாழ்வில் எடுத்த முதலாவது பெரிய முடிவையே நாம் தவறவிட்டவர்களாவோம். அதனாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கேசன்துறைத் தொகுதியிலிருந்து முதன்முறையாகப் பாராளுமன்றம் சென்றபோது செல்வநாயகம் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸின் உறுப்பினர், ஜீ. ஜீ. பொன்னம்பலத்துக்கு அடுத்த நிலையில் இருந்தவர். சிவில் வழக்குகளில் கொழும்பில் பெயர் பெற்ற சட்டத்தரணி. அதே தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளரின் வாக்குகளால் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அந்த ஏழு ஆசனங்களும், வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்குக் கிடைத்த தோட்ட மக்களின் வாக்குகளும், டி. எஸ். சேனநாயக்கா அரசாங்கத்துக்கு உறுத்தலாக இருந்தன. சுதந்திரம் கிடைத்த அதே 1948ஆம் ஆண்டில் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இந்நாட்டில் பிறந்தவராக இருந்தாலும், தன் தந்தை இங்கு பிறந்தார் என்றோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தார்கள் என்றோ நிறுவ முடியாதவர் பரம்பரை வழியில் பிரஜையாக முடியாது என்று அச்சட்டம் விதித்தது. லயத்து அறையில் பிறந்து, கொழுந்துக் கூடையோடு வளர்ந்து, அங்கேயே மண்ணுக்குள் போன ஒருவரின் பிறப்பை எந்தக் காகிதத்தில் தேடுவது? அடுத்து இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதன் பின்னர் 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜையல்லாதவரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. ஏழு இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் இவ்வாறு நாடற்றவர்களானார்கள். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களது பிரதிநிதி என்று சொல்ல ஒருவர்கூடப் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகவில்லை.

இவ்விடத்தில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். முதலாவது பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பொன்னம்பலம் ஆதரித்தார் என்று மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது, அது நியாயமன்று. 1948 ஆகஸ்டில் அவர் அதனை எதிர்த்தே வாக்களித்தார். அடுத்த மாதம் அமைச்சரவையில் சேர்ந்த பின்னர், டிசம்பரில் வந்த இரண்டாவது சட்டமூலத்தையே அவர் ஆதரித்தார். செல்வநாயகமும் கோப்பாய் உறுப்பினர் கு. வன்னியசிங்கமும் அதனை எதிர்த்தார்கள். கட்சி பிளந்தது அந்தக் கேள்வியில்தான். இன்று இந்திய வம்சாவளித் தமிழருக்கு நேர்வது, நாளை மொழிப் பிரச்சினை எழும்போது இலங்கைத் தமிழருக்கும் நேரும் என்பதே செல்வநாயகத்தின் வாதமாக இருந்தது. 1956ஆம் ஆண்டு அதனை நிரூபித்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள், உண்மைதான். ஆனால் அந்த வாதத்தைத் தீர்க்கதரிசனம் என்று மட்டும் புகழும்போது, மலையக மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி நமக்கு வரப்போகும் ஆபத்துக்கு ஓர் அறிகுறி என்ற அளவில் சுருங்கிப்போகிறது. அது தன்னளவிலேயே அநீதி. செல்வநாயகம் அதனை அவ்வாறே கண்டார் என்று நான் நம்புகிறேன். அமைச்சுப் பதவிகள் அருகில் வந்திருந்த ஒரு நேரத்தில், தன் தொகுதியில் ஒரு வாக்கைக்கூடத் தர முடியாத மக்களுக்காகத் தன் தலைவரையும் கட்சியையும் விட்டுப் பிரிந்தவர் அவர். எதிர்கால ஆபத்தைக் கணக்கிட்டவர் என்று மட்டும் அப்படிப்பட்ட ஒருவரை விளக்கிவிட முடியாது.

செல்வநாயகமும் வன்னியசிங்கமும் செனட்டர் இ. மு. வி. நாகநாதனும் சேர்ந்து புதிய கட்சியைத் தொடக்கிய இடம் யாழ்ப்பாணம் அன்று; கொழும்பு மருதானையில் இருந்த அரசாங்க எழுதுவினைஞர் சங்க மண்டபம். சமஷ்டி (கூட்டாட்சி) என்ற சொல்லை நமது அரசியலின் மையத்துக்குக் கொண்டுவந்த கூட்டம் அது. அடுத்த தேர்தலில் அக்கட்சிக்குக் கிடைத்தவை கோப்பாயும் திருகோணமலையும் மட்டுமே. காங்கேசன்துறையில் செல்வநாயகமே ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனிடம் தோற்றார். அவர் கிறிஸ்தவர் என்பதும் அந்தத் தேர்தலில் அவருக்கு எதிராகப் பேசப்பட்டது. சைவர்கள் பெரும்பான்மையாக வாழும் அதே தொகுதி பின்னர் ஒவ்வொரு தேர்தலிலும் அவரைத் தெரிவுசெய்தது என்பது அந்தத் தொகுதி மக்களுக்கும் பெருமை. 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பை எதிர்த்து அவர் ஆசனத்தைத் துறந்து, இடைத்தேர்தல் நடத்திப் பாருங்கள் என்று அரசாங்கத்துக்குச் சவால் விட்டபோது, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடித்து 1975 பெப்ரவரியில்தான் தேர்தல் வைத்தார்கள். பார்க்கின்சன் நோயால் உடல் தளர்ந்து, குரல் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத நிலையிலும் அவர் 16,000க்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

எனக்கு இவ்விடயம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். என் தாத்தா ஹட்டனுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர். 1947ஆம் ஆண்டில் வாக்களித்தவர், அதன் பின்னர் 1971ஆம் ஆண்டில் இறக்கும் வரை ஒரு தேர்தலிலும் வாக்களிக்கவில்லை. பிரஜாவுரிமைக்கு அவர் கொடுத்த விண்ணப்பம், தொடர்ச்சியாக இந்நாட்டில் வசித்ததற்கு ஆதாரம் போதாது என்று நிராகரிக்கப்பட்டது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிகுதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று பிரித்தபோது, எங்கள் குடும்பமும் இரண்டாகப் பிரிந்தது. பெரியப்பா குடும்பத்தை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலை மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். மேடையில் நின்றவர்களும் பெட்டிக்குள் இருந்தவர்களும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுத அழுகையை நான் சிறுவனாக இருந்து கேட்டேன். 1977 ஆகஸ்ட் வன்முறைக்குப் பின்னர் நாங்கள் கிளிநொச்சிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறினோம். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே எனக்கு இந்நாட்டின் பிரஜை என்ற பத்திரம் கிடைத்தது. அதற்குப் பின்னர்தான் ஆசிரியர் நியமனம் பெற முடிந்தது.

வடக்கில் எங்களை வரவேற்றவர்கள் பலர். அதே வடக்கில் தோட்டக்காட்டான் என்ற இழிசொல்லையும் கேட்டிருக்கிறேன். என் மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள். தந்தை செல்வாவின் படம் தொங்கிய ஒரு வீட்டின் திண்ணையில் வைத்தும் அச்சொல்லைக் கேட்க நேர்ந்தது. அன்று அந்தப் படத்தைப் பார்த்தபோது எழுந்த வருத்தத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. எங்களுக்காகத் தன் கட்சியையே உதறியவர் அவர் என்பது அந்த வீட்டாருக்குத் தெரிந்திருந்தால் அந்தச் சொல் அவ்வளவு இலகுவாக வாயில் வந்திருக்குமா?

கட்சியும் இவ்விடயத்தில் எப்போதும் ஒரே உறுதியோடு நின்றது என்று நான் சொல்ல மாட்டேன். 1956 ஆகஸ்டில் திருகோணமலை மாநாட்டில் நிறைவேறிய நான்கு கோரிக்கைகளில் மலையக மக்களின் பிரஜாவுரிமையும் ஒன்று. 1957 ஜூலையில் பண்டாரநாயக்காவுடன் பேசியபோதும் அதனை வலியுறுத்தினார்கள். விரைவில் கவனிப்பதாகப் பிரதமர் சொன்ன அளவோடு அது நின்றது. மறு ஆண்டு ஏப்ரலில் அவர் ஒப்பந்தத்தையே கிழித்தபோது அந்த வாக்குறுதியும் கூடவே போனது. ஆனால் 1965 மார்ச்சில் டட்லி சேனநாயக்காவுடன் எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் மொழி உண்டு, மாவட்ட சபைகள் உண்டு, காணிக் குடியேற்றம் உண்டு; பிரஜாவுரிமை இல்லை. அப்போது இந்தியாவுடன் ஒப்பந்தம் கையெழுத்தாகி ஐந்து மாதங்கள்கூட ஆகவில்லை. மனிதரை எண்ணிக்கையால் பங்கு போட்ட அந்த ஏற்பாட்டைக் கட்சி கண்டித்திருந்தது. அரசாங்கத்தில் பங்கேற்ற காலத்தில் அந்தக் கண்டனத்தை இன்னும் உரத்துச் சொல்லியிருக்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து. 1972 மே மாதத்தில் தமிழர் கூட்டணி அமைந்தபோது செல்வநாயகமும் பொன்னம்பலமும் தொண்டமானும் ஒரே மேடையில் அமர்ந்தார்கள். பிரஜாவுரிமைச் சட்டத்தால் பிரிந்த இருவரும், அச்சட்டத்தால் வாக்கிழந்த மக்களின் தலைவரும் அருகருகே இருந்த அந்த நாள் எனக்கு மிகவும் பெரிய நாளாகவே தோன்றுகிறது. நான்கு ஆண்டுகள் கழித்து வட்டுக்கோட்டையில் தனி அரசுத் தீர்மானம் வந்தபோது தொண்டமானால் அதனுடன் சேர முடியவில்லை. நுவரெலியாவிலும் பதுளையிலும் பரந்து வாழும் மக்களுக்கு வடக்கு - கிழக்கில் அமையும் அரசு எந்த வகையில் பாதுகாப்பு என்ற அவரது நிலை விளங்கிக்கொள்ளக் கூடியதே. செல்வநாயகத்தைக் குறைகூறுவதற்காக இதனை எழுதவில்லை. 28 ஆண்டுகளாக ஒவ்வொரு வாக்குறுதியும் மீறப்பட்ட பின்னரே அவர் அந்த முடிவுக்கு வந்தார் என்பதை நான் அறிவேன்.

அவர் பிறந்தது 1898 மார்ச் 31ஆம் திகதி, மலாயாவின் ஈப்போவில். பிழைப்புத் தேடிக் கடல் கடந்த யாழ்ப்பாணக் குடும்பத்தின் பிள்ளை; சிறு வயதிலேயே தாயோடு தெல்லிப்பழைக்குத் திரும்பியவர். பாக்கு நீரிணையைக் கடந்து வந்து மலையேறிய எங்கள் முன்னோருக்கும் பிழைப்பே காரணம். அவர்களுக்குத் திரும்பிப் போக ஒரு தெல்லிப்பழை இருக்கவில்லை. இந்த வேறுபாட்டை அவர் எப்போதாவது நினைத்திருப்பாரோ என்று நான் யோசிப்பதுண்டு.

1977 ஏப்ரல் 26ஆம் திகதி அவர் காலமானார். தாத்தா இழந்த உரிமைக்கான சட்டங்கள் 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளில் துண்டு துண்டாக வந்து முடிந்தன. இரண்டாவது சட்டமூலத்தைச் செல்வநாயகம் எதிர்த்து நின்ற நாளிலிருந்து கணக்கிட்டால் அது 55 ஆண்டு.

தங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. 1948ஆம் ஆண்டு ஆகஸ்டிலும் டிசம்பரிலும் பிரஜாவுரிமைச் சட்டமூலங்கள் மீது செல்வநாயகமும் வன்னியசிங்கமும் நிகழ்த்திய உரைகள் பாராளுமன்ற ஹன்சார்ட்டில் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அவற்றை முழுமையாகத் தமிழில் பெயர்த்து, வரும் டிசம்பர் 18ஆம் திகதி தங்கள் பத்திரிகையில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மொழிபெயர்ப்புக்கு உதவி தேவைப்பட்டால், ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற வகையில் எந்தக் கைம்மாறும் எதிர்பாராமல் அதனைச் செய்து தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கிளிநொச்சி.